வாசகர் கேள்வி - பதில்: கம்பை நிறுத்தத் தெரிந்த கை

சென்ற இதழில் பிரான்ஸின் ‘கான்’ விளையாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வாளுக்குப் பதிலாகக் கையில் ஒரு மரக்கம்பு, எதிரே அதேபோல இன்னொருவர், இருவர் முகத்திலும் கம்பிவலைக் கவசம். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை, ஆசிரியரும் எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டு, முடிந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வாள்வீச்சு கற்க ரொம்ப ஆசை. வாள், முகக்கவசம், உடுப்பு எல்லாம் சேர்த்து விலை கேட்டேன், மயக்கமே வந்துவிட்டது. மூங்கில் குச்சியை வைத்துப் பழகினால் வாள் பிடிக்க வருமா, இல்லை கை கெட்டுப்போகுமா?
– கல்லூரி மாணவி, விருத்தாசலம்

தைரியமாகப் பழகுங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் வாள்வீச்சு வீராங்கனையாகக் களமிறங்கிய நம் சென்னைப் பெண் பவானி தேவி, பள்ளிக்கூடத்தில் பழகத் தொடங்கிய நாட்களில் மூங்கில் குச்சிகளால்தான் பழகினோம் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பட்டால் விளக்கு எரியும் மின்சார வாள் விலை அதிகம், உடைந்தால் உடனே வேறு வாங்க முடியாது. அதனால் அதைப் போட்டிக்கென்று பத்திரப்படுத்தி, குச்சியால் பயிற்சி. அந்தக் குச்சியில் பழகிய கைதான் பின்னாளில் ஒலிம்பிக்கில் முதல் ஆட்டத்தை 15-3 என்று வென்றது.

குச்சியில் எது வரும், எது வராது என்பதைத் தெரிந்துகொண்டு பழகினால் போதும். கால் வேலை வரும். எதிராளிக்கும் உங்களுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது, எப்போது உள்ளே புகுவது, எப்போது பின்வாங்குவது என்பதெல்லாம் வரும். வாள்வீச்சில் முக்கால் பங்கு இதுதான். வராதது விரல் வேலை. பவானி தேவி ஆடும் ‘சேபர்’ வாளின் முழு நீளம் 105 சென்டிமீட்டர் வரை இருக்கலாம், எடை 500 கிராமுக்குள். அதன் தகடு வளையும், துள்ளும். குச்சி துள்ளாது.

இன்னொன்று. குச்சி உருண்டை, அதற்குக் கூர்ப்பக்கம் என்று ஒன்று கிடையாது. ஆறு மாதம் பழகினால், எந்தப் பக்கத்தால் வெட்டுகிறோம் என்பதையே கை மறந்துவிடும். அதனால் என்னிடம் வரும் பிள்ளைகளின் கம்பில் ஒரு பக்கம் மட்டும், அடியிலிருந்து நுனிவரை சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுகிறேன். அதுதான் கூர். வீசி முடித்துக் கை நின்றதும், சிவப்புக் கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மொட்டை மாடியில் 14 மீட்டர் நீளத்துக்குச் சுண்ணாம்பால் ஒரு பாதை போட்டுக்கொள்ளுங்கள், போட்டிக்களத்தின் நீளம் அதுதான். இடம் குறைவாக இருந்தால் பாதி போதும்.

ஒரே ஒரு செலவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முகக்கவசம் கைக்கு வரும்வரை எதிரே ஆளை நிறுத்திப் பழகவே கூடாது. குச்சிதானே என்று நினைக்காதீர்கள். கண் போனால் போனதுதான்.

கேள்வி: என் அப்பா சொல்தா, பிரெஞ்சுப் படையில் இருந்தவர். பாரீஸில் கோட்டு போட்ட கனவான்கள் கைத்தடியால் சண்டை போடுவார்கள் என்று எங்களுக்குக் கதை சொல்வார். நாங்கள் நம்பியதில்லை. உங்கள் கட்டுரையைப் படித்ததும் அவர் ஞாபகம்தான் வந்தது. அது உண்மையா அம்மா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்கால்

உண்மைதான் ஐயா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் அப்பாவும் சொல்தாதான். அவர் அல்ஜீரியாவில் இருந்துவிட்டு வந்தவர். ஆனால் இந்தக் கதையை அவர் எனக்குச் சொன்னதில்லை. கல்யாணமாகி பிரான்ஸில் லியோன் நகரத்துப் பக்கம் போய், 31ஆம் வயதில் என் மகனைச் சாவாத் வகுப்பில் சேர்க்கக் கூட்டிப்போனபோதுதான் முதன்முதலாக இதைக் கண்ணால் பார்த்தேன். சாவாத் என்பது காலால் உதைக்கும் பிரெஞ்சுக் குத்துச்சண்டை. பையன் வகுப்பு முடிந்ததும் அதே கூடத்தில் நாலைந்து பேர் கம்போடு வந்தார்கள். வெள்ளை உடுப்பு, வலைக்கவசம், கையில் மெல்லிய கம்பு. ஒரு பெண் அப்படியே சுழன்று கீழே அமர்ந்து எதிராளியின் கணுக்காலுக்கு மேலே தட்டினாள். ‘டப்’ என்று ஒரு சின்ன சத்தம். எனக்குப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் தாய்மாமா கம்பு சுற்றியதும், “பொம்பளப் புள்ள, தள்ளி நில்லு” என்று என்னைத் திண்ணையில் உட்காரவைத்ததும் ஞாபகம் வந்துவிட்டது. அடுத்த வாரமே பேர் கொடுத்துவிட்டேன்.

உங்கள் அப்பா சொன்ன கனவான்கள் 19ஆம் நூற்றாண்டுக்காரர்கள். இடுப்பில் வாள் செருகிக்கொண்டு தெருவில் போகும் வழக்கம் பிரான்ஸில் போய்விட்டது. அதன் இடத்துக்குக் கைத்தடி வந்தது. அழகுக்காகத்தான், ஆனால் இருட்டுத் தெருவில் வழிமறிப்பவனுக்குப் பதில் சொல்லவும் அது வேண்டியிருந்தது. வாள் ஆசான்களும் சாவாத் ஆசான்களும் சேபர் வீச்சைக் கைத்தடிக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். ழோசேஃப் ஷார்ல்மோன் என்ற ஆசான் குத்துச்சண்டையையும் கைத்தடியையும் சேர்த்தே பாடமாக எழுதிவைத்தார். படையிலும் இது இருந்தது. 1852இல் பாரீஸுக்குப் பக்கத்தில் ழுவான்வீலில் தொடங்கிய படைப் பயிற்சிப் பள்ளியில் கம்பும் பாடம். ஆகவே ஒரு சொல்தாவின் காதுக்கு இந்தக் கதை எட்டியதில் ஆச்சரியமே இல்லை.

முதல் உலகப்போரில் இதைத் தெரிந்த தலைமுறை பெரும்பாலும் மடிந்துபோனது. 1924 பாரீஸ் ஒலிம்பிக்கில் சாவாத்தோடு சேர்த்துக் காட்சிக்கு ஆடிக்காட்டினார்கள், அப்புறம் மங்கிவிட்டது. 1970களின் இறுதியில் மொரீஸ் சாரி என்பவர் பழைய அடிகளை எடுத்து, ஆபத்தானவற்றைக் கழித்து, விதிகள் எழுதி, போட்டி விளையாட்டாக உயிர்கொடுத்தார். நான் கற்றது அவர் வகுத்த முறையை. ஆறே அடிகள். எல்லாமே வட்டமாகச் சுழன்று வருபவை, குத்து கிடையாது. தலை, விலா, முழங்காலுக்குக் கீழே கால், இவை மூன்றும்தான் இலக்கு.

உங்கள் அப்பாவின் கைத்தடி ஏதாவது வீட்டில் இருக்கிறதா? இருந்தால் அதன் நீளத்தை அளந்து எழுதுங்கள். எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

கேள்வி: அடி பட்டால் வலிக்காதா? என் மகன் கேட்கிறான், நான் பயப்படுகிறேன்.
– இல்லத்தரசி, மதுரை

வலிக்கும், ஆனால் வலிக்கக் கூடாது. இரண்டாவதுதான் பாடம்.

முதல் வருஷம் எனக்கு வேகம்தான் வீரம் என்று நினைப்பு. என்னோடு ஆடியவர் தபால்காரம்மா ஒருவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒருநாள் அவர் காலைக் குறிவைத்து முழு வீச்சில் வீசினேன். கால்கவசத்துக்கு மேலே, முழங்கால் எலும்பில் விழுந்தது. அவர் கத்தவில்லை. கம்பை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தார். மறுநாள் காலையில் அந்தக் காலோடுதான் படியேறித் தபால் கொடுக்கப் போனார் என்று பிறகு தெரிந்தது. எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஆசான் என்னைத் திட்டவில்லை. கூடத்தின் குறுக்கே ஒரு கயிறு கட்டி, அதில் செய்தித்தாளின் ஒரே ஒரு தாளைத் தொங்கவிட்டார். “முழு வேகத்தில் வீசு. தாளில் பட வேண்டும், தாள் கிழியக் கூடாது.” அவ்வளவுதான் சொன்னார். முதல் நாள் பதினேழு தாள் கிழிந்தது. நின்றபடி தோளை இறுக்கி நிறுத்தப் பார்த்தால் தாளை எட்டாமலேயே நின்றுவிடும், இல்லையென்றால் கிழியும். மூன்றாவது வாரம் ஒரு மாலையில் வந்தது. கம்பு ‘விர்’ரென்று போய்த் தாளைத் தொட்டது, தாள் லேசாக நடுங்கியது, கம்பு திரும்பிவிட்டது. நிறுத்துவது தோளின் வேலையே இல்லை, கடைசி நொடியில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கம்பை இறுகப் பிடிப்பதில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் என் கைக்குத் தெரிந்தது.

விதிகளும் இதற்கு ஒத்தாசை. கம்பின் நுனிக் கால்பாகம் பட்டால்தான் அடி, நடுப்பாகம் பட்டால் கணக்கில்லை. வீசும் முன் கை உடம்புக்குப் பின்னால் போய்விட்டு வர வேண்டும். ஆகவே அடி வருவது எதிராளிக்குத் தெரியும், ஒளிந்து அடிக்க இடமில்லை. உங்களை ஒருவர் அடிக்க வந்தால் முதலில் தடுக்க வேண்டும் அல்லது விலக வேண்டும், அதன் பிறகுதான் திருப்பி அடிக்கலாம். இருவரும் ஒரே நேரத்தில் கண்மூடித்தனமாக அடித்துக்கொள்ளும் பேச்சே இல்லை. எங்கள் கூடத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. அடி வாங்கியவர்தான் “தூஷே” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ‘பட்டது’ என்று அர்த்தம். அடித்தவர் சொல்லக் கூடாது.

இதை உங்கள் மகனுக்காக எழுதுகிறேன். கூர்வாளோடு நண்பனிடம் பழகினால் பாதி வீச்சிலேயே கையை இழுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அவன் இருக்க மாட்டான். கம்பில்தான் முழு வீச்சையும் வீசிப் பார்க்கலாம், தொடலாம், மறுநாளும் அதே நண்பனோடு ஆடலாம். முகக்கவசம், கையுறை, கால்கவசம், தடித்த மேலுடுப்பு, ஆண் பிள்ளைகளுக்கு இடுப்புக்கவசம் இவை இருந்தால் அனுப்புங்கள். சொல்லிக்கொடுப்பவர் பிள்ளைகளை நிறுத்தப் பழக்குகிறாரா, அடிக்கப் பழக்குகிறாரா என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: ஆங்கிலேயர்களுக்கும் இப்படி ஒன்று உண்டாமே? ஒலிம்பிக்கில்கூட இருந்ததாமே?
– வாசகர், சேலம்

உண்டு. ‘சிங்கிள்ஸ்டிக்’ என்பார்கள். சாம்பல் மரக் கம்பு, கை விரல்களைக் காக்க அடியில் பிரம்புக் கூடை மாதிரி ஒரு பிடி. சேபர் வாளுக்கும் கடற்படையின் குறுவாளுக்கும் பயிற்சிக் கம்பாக இருந்தது. கிராமத்துத் திருவிழாக்களில் அவர்கள் ஆடிய பழைய ஆட்டம் முரட்டுத்தனமானது. தலையில் அடித்து ஓர் அங்குலம் ரத்தம் வழிந்தால்தான் வெற்றி. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், ஜெனரல் லெனார்ட் வுட்டோடு இந்தக் கம்பாட்டம் ஆடுவார். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் ஒரே ஒரு முறை இது போட்டியாக நடந்தது. ஆல்பர்ட்சன் வான் ஸோ போஸ்ட் என்ற அமெரிக்கர் தங்கம் வென்றார். களமிறங்கியவர்களே மூன்று பேர்தான்.

கேள்வி: பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் நம் சிலம்பத்தைப் பார்த்துத்தான் இதை உருவாக்கியிருக்க வேண்டும் என்று எங்கள் ஆசான் சொல்கிறார். நீங்கள் இரண்டையும் பார்த்தவர். சரிதானே?
– சிலம்பம் பயிலும் மாணவர், தூத்துக்குடி

தம்பி, உங்கள் ஆசானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் அவர் கட்சி இல்லை. கானின் வேர் வாள்வீச்சில் இருக்கிறது. அதன் நிலை, தடுப்பு, தடுத்துத் திருப்பியடிக்கும் ஒழுங்கு எல்லாம் சேபரின் சாயல். சிலம்பம் வாளிலிருந்து இறங்கி வந்ததில்லை. அது கம்பாகவே பிறந்து கம்பாகவே வளர்ந்தது. நெற்றி உயரக் கம்பு, இரண்டு கையும் அதில் மாறிமாறி ஓடும், இரண்டு முனையும் வேலை செய்யும், குத்தும் உண்டு. கான் 95 சென்டிமீட்டர்தான், ஒரு கையால் மட்டும் பிடிக்க வேண்டும், இரண்டு கையால் பிடித்தால் தவறு.

ஆனால் கால்! காலைப் பார்க்கும்போது எனக்கும் உங்கள் ஆசான் மாதிரியே தோன்றியதுண்டு. வாள்வீச்சுக்காரர்கள் ஒரே நேர்கோட்டில் முன்னும் பின்னும்தான் போவார்கள். கானில் சுற்றிச்சுற்றி ஆடலாம், துள்ளலாம், திரும்பலாம். லியோனில் முதல் மாதம், என் கால் தானாகவே என் மாமாவின் காலடியைத் தேடிப் போனது. நான் கற்றுக்கொள்ளாத காலடி அது, திண்ணையிலிருந்து பார்த்தது மட்டும்தான். ஆசான் என்னைத் தனியாக நிறுத்தி, “இதை எங்கே பழகினாய்?” என்று கேட்டார். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் “வீட்டில்” என்றேன்.

அவர்கள் நம்மைப் பார்த்துச் செய்தார்கள் என்று சொல்லித்தான் சிலம்பத்துக்குப் பெருமை சேர்க்க வேண்டுமா? வேண்டியதில்லை தம்பி. நீங்கள் காலடியை ஒழுங்காகப் போடுங்கள், அதுவே போதும்.

கேள்வி: கானுக்கான கம்பு இங்கே கிடைக்குமா? எந்த மரம்? சவுக்கு ஆகுமா?
– வாசகர், கடலூர். இதே கேள்வி இன்னும் ஆறு பேரிடமிருந்து

அங்கே ‘ஷத்தாஞியே’ என்ற மரத்தில் செய்கிறார்கள், ஆங்கிலத்தில் செஸ்ட்நட். பனிக்காலத்தில் தெருமுனையில் சுட்டு விற்கும் கொட்டை காய்க்குமே, அந்த மரம். அடி சற்றுப் பருமனாகவும் நுனி மெலிந்தும் இருக்கும். எடை 125 முதல் 140 கிராம், ஒரு நடுத்தரக் கொய்யாப்பழம் அளவு. அந்த லேசுதான் அதன் உயிர். அடி பலமாக விழுந்தாலும் எலும்பு தாங்கும், ஆனால் கம்பு அடிக்கடி உடையும்.

சவுக்கு வேண்டவே வேண்டாம். கனம், விறைப்பு, அடி உள்ளே இறங்கும். நான் இங்கே பிரம்பு பயன்படுத்துகிறேன். சிலம்பத்துக்குப் பிரம்பு விற்கும் கடைகளில் சுண்டுவிரல் பருமனுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துக் கேளுங்கள். கணு நெருக்கமாக இருக்கட்டும். 95 சென்டிமீட்டருக்கு அறுத்து, இரண்டு முனையையும் உப்புத்தாளால் உருட்டித் தேய்த்துவிடுங்கள். எடை கொஞ்சம் கூடத்தான் வரும், பரவாயில்லை, வீச்சைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு நாளும் ஆட்டத்துக்கு முன் ஒரு பழைய பருத்தித் துணியைக் கம்பின் அடியில் சுற்றிப் பிடித்து நுனிவரை இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது நூல் மாட்டினால் அங்கே சிலாம்பு கிளம்பிவிட்டது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாது, துணிக்குத் தெரியும். அந்தக் கம்பை அப்படியே ஒதுக்கிவிடுங்கள், டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள். உடைந்த நுனி ஊசி மாதிரி இருக்கும், முகக்கவசத்தின் வலைக்குள்ளே போகும்.

கேள்வி: வயது 52, மூட்டுவலி. ஆடலாமா?
– வாசகர், சென்னை

கால் அடிக்கு ஆழமாக இறங்கி அமர வேண்டும், அது உங்களுக்குச் சரிப்படாது. தலைக்கும் விலாவுக்கும் மட்டும் என்று எதிராளியோடு பேசிவைத்துக்கொண்டு ஆடுங்கள். நான் இப்போது அப்படித்தான் ஆடுகிறேன். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. இடதுகைப் பழக்கம். எங்கள் ஊரில் ஒரு தற்காப்புக்கலை வகுப்பில் சேர்த்தேன். வலது கையால்தான் செய்ய வேண்டும் என்று தினமும் கையைத் தட்டிவிடுகிறார்களாம். இப்போது போகவே மாட்டேன் என்கிறாள். உங்கள் கட்டுரையில் கம்பைக் கைமாற்றி ஆடலாம் என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துக் காட்டினேன். “இன்னொரு தடவை படிம்மா” என்றாள். அவளுக்கு இது சரிவருமா?
– திருவாரூரிலிருந்து ஒரு தாய்

அம்மா, இந்தக் கடிதத்தை மேசையில் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன்.

அந்த வரி உண்மைதான். கானில் ஆட்டத்தின் நடுவே எப்போது வேண்டுமானாலும் கம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றலாம். அது விதியில் உள்ளது. மாற்றத் தெரியாதவர்களைத்தான் அரைகுறை ஆட்டக்காரர் என்பார்கள். அதனால் எல்லாரும் இரண்டு கையையும் பழக்கியே தீர வேண்டும். வலது கைக்காரர்கள் இடது கையைப் பழக்க மாதக்கணக்கில் அல்லாடுவார்கள். நானும் அல்லாடினேன். பல் துலக்குவது, சாவி திறப்பது, கரண்டி பிடிப்பது என்று எல்லாவற்றையும் ஒரு வருஷம் இடது கையால் செய்தேன். என் மாமியார் நான் இடது கையால் பரிமாறுவதைப் பார்த்து ஒரு மாதம் பேசாமல் இருந்தார். உங்கள் மகளுக்கு அந்தக் கை பிறந்தபோதே வந்துவிட்டது. வாள்வீச்சிலும் இடதுகைக்காரர் எதிரே நின்றால் பழக்கமில்லாத பக்கத்திலிருந்து அடி வரும், எதிராளி திணறுவார்.

திருவாரூரில் கான் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். புதுச்சேரிக்கு வாராவாரம் வரவும் முடியாது. அதனால் வீட்டில் தொடங்குங்கள். 9 வயதுக்கு 95 சென்டிமீட்டர் அதிகம், அவள் தொப்புள் உயரத்துக்கு ஒரு மெல்லிய பிரம்பு போதும். கயிற்றில் ஒரு செய்தித்தாள். முன்னால் ஆள் யாரும் நிற்க வேண்டாம். தம்பி தங்கை இருந்தால் தள்ளி உட்காரட்டும். ஒரு கையால் ஐந்து, மாற்றிப் பிடித்து மறு கையால் ஐந்து. எந்தக் கையில் தொடங்க வேண்டும் என்று நீங்கள் சொல்லாதீர்கள். கம்பைத் தரையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள், அவளே குனிந்து எடுக்கட்டும்.

மே மாத விடுமுறையில் ஒரு பத்து நாள் கூட்டிவாருங்கள். என் வீட்டு மொட்டை மாடியில் காலை ஆறு மணிக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவோம். அவள் அளவுக்கு முகக்கவசம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதினால் முகவரி தருவார்கள். வரும்போது கிழியாத செய்தித்தாள் ஒன்றை அவளையே எடுத்துவரச் சொல்லுங்கள்.